வென்டிலேற்றர் நியூமோனியா கண்காணிப்பு: பதிவேட்டில் எதை எண்ணுவது, கட்டிலருகே எதைப் பார்ப்பது?

மருதானை மிஸ்:

வணக்கம். 8 கட்டில் உள்ள பொது ஐ.சி.யூ. ஒன்றின் வென்டிலேற்றர் நியூமோனியா பதிவேடு இனித் தாதியர் பொறுப்பு. இதுவரை பி.எச்.டி.யில், அதாவது நோயாளியின் கட்டில் குறிப்பேட்டில், டொக்டர் "வி.ஏ.பி." (வென்டிலேற்றர் நியூமோனியா) என்று எழுதினால் ஒன்று, எழுதாவிட்டால் இல்லை என்பதுதான் கணக்கு. ஒரே எக்ஸ்றேயைப் பார்த்து காலைச் சுற்றில் ஒருவர் நியூமோனியா என்கிறார், மாலையில் இன்னொருவர் நீர் கோத்திருக்கிறது என்கிறார். சளி கல்ச்சரில் அசினெடோபக்டர் என்ற கிருமி வந்தால் அதை மட்டும் வைத்தே ஒன்று கூட்டச் சொல்பவர்களும் உண்டு.

எதை எண்ணுவது, மாத முடிவில் எந்த எண்ணைக் கொடுப்பது என்று விபரமாகச் சொல்லுங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் வாய்க்கழுவல், சர்க்கிட் (வென்டிலேற்றரையும் நோயாளியையும் இணைக்கும் குழாய்கள்) மாற்றும் இடைவெளி இரண்டிலும் ஷிஃப்டுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. அதற்கும் தெளிவு வேண்டும்.

தெஹிவளை தொற்றுக் கட்டுப்பாடு:

மிஸ், முதலில் இரண்டு வேலையையும் பிரித்து வையுங்கோ. நோயாளிக்கு இன்று மருந்து தொடங்குவதா என்பது டொக்டரின் முடிவு. அது சந்தேகத்தின் பேரில் நடக்கும், நடக்கவும் வேண்டும். பதிவேட்டுக்குத் தேவை யார் எண்ணினாலும் ஒரே விடை வரும் வரைவிலக்கணம். எக்ஸ்றேயை நம்பி எண்ணினால் அது கிடைக்காது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2013இல் பெரியவர்களுக்கான கண்காணிப்பை வி.ஏ.ஈ. முறைக்கு, அதாவது வென்டிலேற்றரோடு சேர்ந்த நிகழ்வுகளை எண்ணும் முறைக்கு, மாற்றியது இதனால்தான். அந்த முறையில் எக்ஸ்றே கிடையாது. கட்டிலருகே மணிக்கு மணி எழுதும் பீப்பும் (வெளிமூச்சு முடிவில் நுரையீரலில் விட்டுவைக்கும் அழுத்தம்) ஒட்சிசன் வீதமும் போதும்.

மூச்சுக்குழாய்க்குள் ரியூப் போட்டு வென்டிலேற்றரில் இணைத்த நாள் 1ஆம் நாள். ஒவ்வொரு நாளும் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை, குறைந்தது ஒரு மணித்தியாலம் தொடர்ந்து இருந்த அளவுகளில் மிகக் குறைந்த பீப்பையும் மிகக் குறைந்த ஒட்சிசன் வீதத்தையும் எழுதுங்கோ. சக்ஷனுக்கு, அதாவது சளி உறிஞ்சுவதற்கு, முன் 100 வீத ஒட்சிசன் கொடுப்பது கணக்கைக் கெடுக்காது, ஏனென்றால் எடுப்பது குறைந்த எண்ணை. குறைந்தது இரண்டு நாள் இந்த எண்கள் நிலையாகவோ இறங்கியோ இருந்து, அதன் பின் பீப் 3 செ.மீ. நீரோ அதற்கு மேலோ ஏறி, அல்லது ஒட்சிசன் 20 புள்ளியோ அதற்கு மேலோ ஏறி, அந்த ஏற்றம் இரண்டு நாளாவது நின்றால் அது வி.ஏ.சி., அதாவது வென்டிலேற்றரோடு சேர்ந்த பாதிப்பு. இதுதான் முதல் படி.

எண்ணோடு பாருங்கோ. 1ஆம் நாள் பீப் 8, ஒட்சிசன் 60. 2ஆம் நாள் 6, 50. 3ஆம், 4ஆம் நாட்கள் 5, 40. 5ஆம், 6ஆம் நாட்கள் 8, 50. ஒட்சிசன் 10 தான் ஏறியிருக்கிறது, அது போதாது. ஆனால் பீப் 5இலிருந்து 8க்குப் போய் இரண்டு நாள் நின்றுவிட்டது. ஆகவே வி.ஏ.சி. உண்டு, நிகழ்வுத் தேதி 5ஆம் நாள். அன்றிலிருந்து 14 நாளுக்கு, இந்த உதாரணத்தில் 18ஆம் நாள் முடியும்வரை, அதே நோயாளிக்குப் புதிய நிகழ்வு எழுதக் கூடாது.

வி.ஏ.சி. வந்த பிறகுதான் தொற்றைத் தேட வேண்டும். நிகழ்வுத் தேதிக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும், ஆனால் வென்டிலேற்றரின் 3ஆம் நாளுக்கு முன் போகாமல், உடல் வெப்பம் 38 பாகைக்கு மேல் அல்லது 36க்குக் கீழ், இல்லாவிட்டால் வெள்ளணு 12,000 அல்லது அதற்கு மேல், 4,000 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். அதோடு அதே இடைவெளியில் புதிதாக ஒரு அன்ரிபயோட்டிக் தொடங்கி 4 நாளாவது போயிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஐ.வி.ஏ.சி., அதாவது தொற்றோடு சேர்ந்த வி.ஏ.சி., இரண்டாம் படி. அதற்கு மேல் கல்ச்சர் பொருந்தினால்தான் "நியூமோனியாவாக இருக்கலாம்" என்ற மூன்றாம் படி. கல்ச்சர் மட்டும் வந்து, முதல் படியே இல்லாதவரை இந்தப் பதிவேட்டில் எண்ணவே கூடாது. அசினெடோபக்டர் ரிப்போர்ட்டுக்கான பதில் இதுதான்.

கொட்டாஞ்சேனை ஸ்டாஃப்:

ஒரு கேள்வி அக்கா. எங்களிடம் சிலருக்கு பீப் 3இல் ஓடும். அது 6க்குப் போனால் 3 ஏறிவிட்டது என்று எடுப்பதா?

தெஹிவளை தொற்றுக் கட்டுப்பாடு:

இல்லை. 0 முதல் 5 வரையான பீப் எல்லாம் 5 என்றே கணக்கு. 3இலிருந்து புறப்பட்டாலும் 8 தொட்டால்தான் ஏற்றம். இந்த இடத்தில்தான் அதிகப் பிழை நடக்கிறது. அடுத்த பிழை, மணித்தியாலக் குறிப்பை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சேர்த்து எழுதுவது. அப்படி எழுதிய தாளிலிருந்து எந்த அளவு ஒரு மணித்தியாலம் நின்றது என்று யாரும் எடுக்க முடியாது.

மாத எண்ணுக்கு வருவோம். தினமும் ஒரே நேரத்தில், காலை 6 மணி என்றால் எப்போதும் காலை 6 மணிக்கே, வென்டிலேற்றரில் எத்தனை பேர் என்று எண்ணி எழுதுங்கோ. மாதக் கூட்டுத்தொகை உங்கள் வென்டிலேற்றர் நாட்கள். நிகழ்வுகளை அதனால் வகுத்து 1,000ஆல் பெருக்க வேண்டும். 150 வென்டிலேற்றர் நாளில் 1 நிகழ்வு என்றால் 6.7. அதே மாதத்தில் 2 என்றால் 13.3. ஒரே ஒரு நோயாளியால் எண் இரட்டிப்பாகிறது, பாருங்கோ. 8 கட்டில் பிரிவில் மாத வீதத்தை வைத்துக்கொண்டு "போன மாதத்தைவிட மோசம்" என்று கூட்டத்தில் பேசுவது அநியாயம். மூன்று மாதம் அல்லது ஆறு மாதம் சேர்த்துக் கொடுங்கோ. ஒரு நிகழ்வுக்கும் அடுத்த நிகழ்வுக்கும் இடையில் எத்தனை வென்டிலேற்றர் நாள் கடந்தது என்றும் சுவரில் எழுதலாம். சின்னப் பிரிவுக்கு அதுதான் நேர்மையான எண்.

தீவிர சிகிச்சை, கொழும்பு 8:

முறை சரி. ஆனால் வி.ஏ.சி. என்ற எழுத்தைக் கண்டதும் வார்டில் யாரும் மெரோபெனெம் போன்ற அன்ரிபயோட்டிக்கை எழுதிவிடக் கூடாது. அது நுரையீரல் இரண்டு நாளாக மோசமாகியிருக்கிறது என்ற அறிவிப்பு மட்டுமே. நியூமோனியா தவிர அடிக்கடி அகப்படும் காரணங்கள் நீர் அதிகரிப்பு, நுரையீரல் சுருக்கம், ஏ.ஆர்.டி.எஸ். (நுரையீரல் முழுதும் அழன்று திடீரென ஒட்சிசன் குறையும் நிலை). எங்கள் ஊரில் இதற்கு நல்ல உதாரணம் டெங்கு. கசிவுக் கட்டத்தில் கொடுத்த நீர் மீளுறிஞ்சலின்போது இரத்தக் குழாய்க்குத் திரும்பி வரும். அந்த நேரத்தில் பீப்பும் ஒட்சிசனும் ஏறும், எக்ஸ்றே வெள்ளையாகும். அங்கே தேவை நீரை வெளியேற்றும் ஃபுரோசமைட், நான்காவது அன்ரிபயோட்டிக் அல்ல.

பூச்சிமருந்து குடித்து வருபவர்கள் இன்னொரு பொறி. ஓர்கனோபொஸ்பேற் வகைப் பூச்சிமருந்து குடித்த நோயாளிக்கு மாற்று மருந்தான அற்ரோப்பின் கூடிவிட்டால் காய்ச்சலும் வேகமான நாடியும் வரும். சளி வற்றித் தடித்து ரியூபில் ஒட்டும். பார்ப்பவர் தொற்று என்று நினைப்பார். கண்மணி விரிவு, குடல் ஓசை, அக்குள் ஈரம் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். இதே நோயாளிக்கு உண்மையிலேயே வாந்தி நுரையீரலுக்குள் போயிருப்பதும் சாத்தியம் என்பதால் எந்தப் பக்கமும் அவசரம் வேண்டாம்.

கட்டிலருகே முதலில் பார்க்க வேண்டியது இரண்டு அழுத்தங்கள். உச்ச அழுத்தம் 38, உள்மூச்சு முடிவில் அரை வினாடி நிறுத்திப் பார்க்கும் பிளற்றோ அழுத்தம் 20 என்றால் தடை காற்றுப் பாதையில் இருக்கிறது. சளிக் கட்டி, மடிந்த அல்லது கடித்த ரியூப், நனைந்த ஃபில்டர், சுவாசக்குழாய் இறுக்கம் என்று தேட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் நுரையீரல் பக்கம் அல்லது நெஞ்சறைப் பக்கம்: நியூமோதொரக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவது), சுருக்கம், நீர், அல்லது ரியூப் வலது பக்கக் கிளைக்குள் இறங்கியிருப்பது. கடைசியாகச் சொன்னது எக்ஸ்றேயில் இடது நுரையீரலை வெள்ளையாக்கி நியூமோனியா என்று பெயர் வாங்கித்தரும். பல்லருகே ரியூப் எத்தனை செ.மீ.யில் நிற்கிறது என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதினால் ஒரு நிமிடத்தில் பிடிபடும். பெரும்பாலும் பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 அளவில் இருக்கும். நேற்று 22, இன்று 25 என்றால் கல்ச்சர் அனுப்பும் முன் ரியூபைச் சரிசெய்யுங்கள்.

பிளற்றோ 30க்குக் கீழ் இருக்கட்டும். மூச்சளவை உயரத்திலிருந்து வரும் எடைக்குக் கணக்கிடுங்கள், தராசு எடைக்கு வேண்டாம். 160 செ.மீ. ஆணுக்கு 50 உடன் 0.91 தடவை 7.6ஐ (160இலிருந்து 152.4ஐக் கழித்தது) கூட்டினால் 56.9 கிலோ. கிலோவுக்கு 6 மி.லீ. என்றால் 340 மி.லீ. அளவில் வரும். 80 கிலோ ஆள் என்று 480 வைத்தால் நுரையீரலுக்குச் சேதம். அந்தச் சேதமும் சில நாளில் வி.ஏ.சி.யாகப் பதிவேட்டில் வந்து நிற்கும்.

வெள்ளவத்தை நுண்ணுயிரியல்:

சளி மாதிரி பற்றி எழுதுகிறேன். கட்டிலருகே நடக்கும் பிழையை ஆய்வுகூடத்தில் யாராலும் திருத்த முடியாது.

காய்ச்சலும் இல்லாமல் ஒட்சிசன் தேவையும் ஏறாமல், திங்கட்கிழமை என்பதற்காக எல்லாக் கட்டிலிலிருந்தும் சளி அனுப்பும் வழக்கத்தை விடுங்கள். ரியூபுக்குள் சில நாளிலேயே கிருமி குடியேறிவிடும். அசினெடோபக்டர், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் மூன்றும் எங்கள் ஐ.சி.யூ.க்களில் குடியேறுவதற்குப் பேர் போனவை. கேட்டால் ஆய்வுகூடம் பெயர் சொல்லத்தான் செய்யும். அந்தப் பெயருக்கு மருந்து கொடுத்தால் அடுத்த கல்ச்சரில் அதைவிட எதிர்ப்புள்ள ஒன்று வரும்.

அனுப்புவதென்றால் புதிய அன்ரிபயோட்டிக்கின் முதல் டோஸுக்கு முன் அனுப்புங்கள். வாயை முதலில் வேறு கதீற்றரால் உறிஞ்சுங்கள். பிறகு புதிய, கிருமியற்ற கதீற்றரை மியூக்கஸ் ட்ராப்போடு (சளி சேரும் சிறு குப்பி) இணைத்து, கீழே இறங்கிய பின்தான் சக்ஷனைத் திறக்க வேண்டும். சேலைன் ஊற்றி எடுத்தால் மாதிரி நீர்த்துப்போகும், எண்ணிக்கை அர்த்தமற்றதாகும். 2 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் வர வேண்டும். முடியாவிட்டால் 4 பாகையில் வையுங்கள். தனியார் வைத்தியசாலையிலிருந்து வெளி ஆய்வுகூடத்துக்கு மோட்டார் சைக்கிளில் மாதிரி போகும் இடங்களில், காலி வீதி நெரிசலில் அது 32 பாகை வெயிலில் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். குளிர்ப்பெட்டி கட்டாயம்.

நுணுக்குக்காட்டியில் முதலில் பார்ப்பது கிராம் சாயம் போட்ட தட்டை. குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு புலத்துக்கு நியூட்ரோபில் 25 அல்லது அதற்கு மேலும், செதில் மேலணிக் கலம் 10 அல்லது அதற்குக் கீழும் இருந்தால் அது சீழ்த்தன்மையுள்ள நல்ல மாதிரி. மேலணிக் கலம் நிறைந்து வந்தால் அது எச்சில். "மீண்டும் அனுப்பவும்" என்று நாங்கள் எழுதுவது உங்களை அலைக்கழிக்க அல்ல. அளவிட்டு வளர்க்கும் ஆய்வுகூடமென்றால் ரியூப் சளிக்கு மி.லீ.க்கு 100,000, பி.ஏ.எல். என்ற நுரையீரல் கழுவலுக்கு 10,000 என்பன வெட்டுப் புள்ளிகள். கன்டிடா, கொகுலேஸ் எதிர்மறை ஸ்டஃபிலோகொக்கஸ், என்டரோகொக்கஸ் ஆகியவை சளியில் வந்தால் வி.ஏ.ஈ. கணக்குக்கு எடுபடாது. கன்டிடாவுக்கு ஃபுளுகொனசோல் எழுதும் பழக்கத்தையும் இதோடு சேர்த்து விட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை, இலங்கைக்கு மிக முக்கியம். சூடோமோனாஸ் இனம் என்று வந்து, ஜென்ரமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் எதிர்ப்பு, ஆனால் கோ-அமொக்சிகிளவுக்குக் கேட்கிறது என்றிருந்தால் உடனே ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுங்கள். அது மெலியொயிடோசிஸ் கிருமியாக இருக்கலாம். நீரிழிவுள்ளவர், வயல் வேலை, மழைக்காலம் என்றால் சந்தேகம் இன்னும் கூடும். வெளியிலிருந்து கொண்டுவந்த நோய் அது, வென்டிலேற்றர் கொடுத்தது அல்ல. கொழும்பு மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியல் துறை இந்தக் கிருமியில் நீண்ட காலம் வேலை செய்கிறது, உறுதிப்படுத்த அங்கே வழியுண்டு. செப்டசிடிம் அல்லது மெரோபெனெம் வாரக்கணக்கில் தேவைப்படும் நோய். 7 நாளில் நிறுத்தினால் திரும்பி வரும்.

கொட்டாஞ்சேனை ஸ்டாஃப்:

7 நாள் என்பது சாதாரண வி.ஏ.பி.க்கா டொக்டர்? எங்களிடம் 14 நாள் ஓடுகிறது.

தீவிர சிகிச்சை, கொழும்பு 8:

ஆம், சாதாரண வி.ஏ.பி.க்கு. 2016 அமெரிக்க வழிகாட்டி 7 நாளைத்தான் சொல்கிறது. நோயாளி தேறும் வேகத்தைப் பார்த்துச் சற்றுக் கூட்டலாம், குறைக்கலாம். 48 முதல் 72 மணித்தியாலத்தில் கல்ச்சரைக் கையில் வைத்துக்கொண்டு மருந்தை ஒடுக்குவதுதான் முக்கியமான சுற்று. புரோகல்சிடோனின் இரத்தப் பரிசோதனை வசதி இருந்தால் மருந்தை நிறுத்த உதவும். தொடங்குவதா என்று தீர்மானிக்க அதை நம்ப வேண்டாம்.

பொரளை பயோமெடிக்கல்:

சர்க்கிட் கேள்விக்கு வருகிறேன். நாள் குறித்து மாற்றத் தேவையில்லை. கண்ணுக்கு அழுக்காகத் தெரிந்தால், இரத்தமோ சளியோ ஏறியிருந்தால், அல்லது பழுதானால் மாற்றுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு சர்க்கிட். ஏழு நாளுக்கு ஒருமுறை, இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று மாற்றுவதால் நியூமோனியா குறைவதில்லை. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் குழாய்க்குள் நிற்கும் நீர் நோயாளிப் பக்கம் சாயும் ஆபத்துத்தான் கூடுகிறது. மாற்றினால் இணைத்ததும் கசிவுச் சோதனையை ஓடவிட்டு, பிறகுதான் நோயாளிக்குப் போட வேண்டும்.

நீர் விஷயம் கொழும்பில் பெரிய விஷயம். வெளியே ஈரக் காற்று, உள்ளே ஏ.சி. 22 பாகை. ஏ.சி.யின் வாய் நேராகக் கட்டிலைப் பார்த்து ஊதினால், சூடாக்கி ஈரமாக்கி வரும் மூச்சு குழாயின் சுவரில் பட்டு உடனே நீராகிறது. சூட்டுக் கம்பி இல்லாத சர்க்கிட்டில் இரண்டு மணித்தியாலத்திலேயே வளைவில் நீர் தேங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் முன்னும் பின்னும் ஆடுவதைக் காணலாம். அந்த ஆட்டத்தை மெசின் நோயாளியின் முயற்சி என்று எண்ணி மூச்சைத் தள்ளும். நோயாளி எடுக்காத மூச்சுக்கு 30, 32 என்று வீதம் காட்டும். பார்ப்பவர் மயக்க மருந்தைக் கூட்டுவார். திரையில் வெளிமூச்சு ஓட்டக் கோடு வாள் பல் மாதிரி நடுங்கினால் முதலில் குழாயைப் பாருங்கள், பிறகு நோயாளியின் சளியைப் பாருங்கள்.

நீர்ப்பொறி குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில், நோயாளியின் வாய் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். வடிக்கும்போது குழாயை நோயாளிக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, கையுறையோடு, மூடிய பாத்திரத்தில். கை கழுவும் தொட்டியில் அந்த நீரை ஊற்றவே வேண்டாம். தொட்டியின் வடிகாலில் சூடோமோனாஸ் வாழும், அடுத்தவர் கை கழுவும்போது தெறிக்கும். ஹியூமிடிஃபையருக்குக் கிருமியற்ற நீர் மட்டும். நோயாளிப் பக்க முனையில் 37 பாகை இருக்க வேண்டும்.

எச்.எம்.இ. ஃபில்டர் (நோயாளியின் வெளிமூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துத் திருப்பிக் கொடுப்பது) போடும் இடத்தில் ஹியூமிடிஃபையர் ஓடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஃபில்டர் நனைந்து அடைக்கும், உச்ச அழுத்தம் ஏறும். நெபுலைஸ் பண்ணும்போது ஃபில்டரைக் கழற்றாமல் விட்டாலும் அதே கதை, மருந்தும் போய்ச் சேராது. தடித்த சளி, இரத்தம், நிமிடத்துக்கு 10 லீற்றருக்கு மேல் மூச்சோட்டம் என்றால் எச்.எம்.இ. வேண்டாம், சூட்டு ஹியூமிடிஃபையருக்கு மாற்றுங்கள்.

மருதானை மிஸ்:

மிக்க நன்றி. குளோர்ஹெக்சிடின் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. 0.2 வீதம் நாளுக்கு இருமுறை என்று எங்கள் பட்டியலில் அச்சடித்தே இருக்கிறது.

தெஹிவளை தொற்றுக் கட்டுப்பாடு:

அச்சடித்த பட்டியல்களில் பெரும்பாலானவை பழைய கட்டுப்பொதி, அதாவது பல தடுப்பு வேலைகளை ஒன்றாகச் சேர்த்த பழைய பட்டியல். அமெரிக்கத் தொற்றியல் சங்கங்களின் 2022 வழிகாட்டி வாய்ப் பராமரிப்பில் பல் துலக்கலை அத்தியாவசியம் என்று வைத்து, குளோர்ஹெக்சிடினைப் பரிந்துரைக்காத பக்கம் தள்ளிவிட்டது.

கொட்டாஞ்சேனை ஸ்டாஃப்:

அக்கா, இதில் எனக்கு உடன்பாடில்லை. வாயில் இருக்கும் கிருமி குறைந்தால் கீழே போவதும் குறையும்தானே? நிறுத்தச் சொன்னால் பல இடங்களில் வாயையே யாரும் பார்க்க மாட்டார்கள். அந்தப் போத்தல் இருப்பதால்தான் நாளுக்கு இருமுறை ஒருவர் கட்டிலுக்குப் போகிறார்.

தீவிர சிகிச்சை, கொழும்பு 8:

உங்கள் இரண்டாவது கவலை நியாயமானது, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலாவதற்குப் பதில்: பழைய ஆய்வுகளில் நியூமோனியா குறைந்த மாதிரித் தெரிந்ததில் பெரும் பங்கு இதய சத்திரசிகிச்சை நோயாளிகளிடமிருந்து வந்தது. பொது ஐ.சி.யூ. நோயாளிகளில், யாருக்கு எது கொடுக்கிறார்கள் என்று தெரியாமல் நடத்திய ஆய்வுகளைத் தனியே எடுத்தால் அந்த நன்மை தெளிவாக நிற்கவில்லை. மாறாக மரணம் சற்றுக் கூடலாம் என்ற சமிக்ஞை வந்தது. சிறு அளவு திரவம் நுரையீரலுக்குள் இறங்கிச் சேதம் செய்யலாம் என்பது ஒரு விளக்கம். நன்மை உறுதியில்லை, தீங்குக்கு வாய்ப்புண்டு என்றால் ரியூபில் கிடப்பவர் வாயில் அதை ஊற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

வாயைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள் என்பதற்கு வழி, போத்தல் இருந்த கட்டத்தில் பிரஷ்ஷை எழுதுவது. பட்டியலில் அந்த வரியை அழிக்காமல் "மென் பிரஷ், காலை மாலை" என்று மாற்றுங்கள். சிறுவர் அளவு மென்மையான பிரஷ் போதும். தலையை 30 பாகைக்கு மேல் உயர்த்தி, கஃப் (ரியூபைச் சுற்றி ஊதி மூச்சுக்குழாயை அடைக்கும் பலூன்) அழுத்தம் சரியா என்று பார்த்து, தொண்டையை உறிஞ்சிவிட்டுத் துலக்க வேண்டும். துலக்கும்போதும் மறு கையில் சக்ஷன் ஓட வேண்டும். நாக்கையும் விட வேண்டாம். இடையில் 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வாயை ஈரப்படுத்தி உதட்டுக்கு எண்ணெய்ப் பசை.

கொட்டாஞ்சேனை ஸ்டாஃப்:

அந்த மாற்றத்தை ஏற்கிறேன். கஃப் அழுத்தம் எத்தனை மணிக்கு ஒருமுறை? எங்களிடம் ஒரே ஒரு மனோமீற்றர்.

தெஹிவளை தொற்றுக் கட்டுப்பாடு:

20க்கும் 30 செ.மீ. நீருக்கும் இடையில். 20க்குக் கீழ் போனால் கஃபுக்கு மேல் தேங்கிய எச்சில் அதன் மடிப்பு வழியே வழியும். 30க்கு மேல் போனால் மூச்சுக்குழாய்ச் சுவருக்கு இரத்தம் போகாது, புண்ணாகிப் பிறகு சுருங்கும். ஷிஃப்டுக்கு ஒருமுறையும், சி.ரி. ஸ்கானுக்குப் போய் வந்த பிறகும், ரியூபை நகர்த்திக் கட்டிய பிறகும் போதும். அடிக்கடி அளப்பதும் நல்லதல்ல. கஃபோடு இணைந்து வெளியே தொங்கும் பைலட் பலூனில் மனோமீற்றரைப் பொருத்தும் கணத்திலேயே கஃபிலிருந்து கொஞ்சக் காற்று அதன் குழாய்க்குள் போய்விடும். பொருத்தி 18 என்று காட்டினால் நோயாளி 18இல் இருந்தார் என்று எழுதாதேயுங்கோ. மனோமீற்றரை முன்கூட்டியே 25க்கு அழுத்தி வைத்துப் பொருத்தினால் இழப்புக் குறையும். கழற்றும்போது ஆட்டாமல் நேராக, சட்டென்று இழுக்க வேண்டும்.

கருவியின் முகத்தில் எந்த அலகு என்று பாருங்கோ. சிலவற்றில் மி.மீ. இரசம் போட்டிருக்கும். அதில் 25 என்றால் 34 செ.மீ. நீர், எல்லை தாண்டியாயிற்று. விரலால் பலூனை அமுக்கி "சரியாக இருக்கு" என்பதை எழுத்தில் ஏற்க வேண்டாம். ஒரே கருவி பல கட்டிலுக்கும் போவதால் ஒவ்வொரு முறையும் அற்ககோல் துடைப்பு.

வத்தளை இயன் மருத்துவர்:

சக்ஷன் பற்றிச் சிறிது. மணி பார்த்து சக்ஷன் செய்ய வேண்டாம். மூச்சுக்குழாய் மேல் கரகரப்பு, திரையில் அந்த வாள் பல் கோடு, உச்ச அழுத்த ஏற்றம், ரியூபில் கண்ணுக்குத் தெரியும் சளி ஆகியவைதான் நேரம். கதீற்றர் ரியூபின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் தடித்திருக்கக் கூடாது. ரியூப் இலக்கத்தை 3ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் கிடைப்பது மேல் எல்லை. 8க்கு 12 ஃப்ரெஞ்ச் (கதீற்றர் தடிப்பின் அலகு), 7.5க்கு 11.25 வரும், ஆகவே 10 எடுக்க வேண்டும். தடித்ததைப் போட்டால் நுரையீரலே உள்ளிழுத்துச் சுருங்கும். அழுத்தம் 80 முதல் 120 மி.மீ. இரசம், குழாய் முனையை விரலால் மூடிப் பார்த்து வைக்க வேண்டும். உள்ளே போய் வர 15 வினாடிக்கு மேல் வேண்டாம். சேலைனை வழக்கமாக ஊற்றுவது சளியை இளக்காது, ரியூப் சுவரில் இருப்பதைக் கீழே கழுவித் தள்ளும். சளி தடிக்கிறது என்றால் ஈரமூட்டல் போதவில்லை, மேலே பயோமெடிக்கல் அண்ணா சொன்னதைப் பாருங்கள்.

கட்டில் 30 பாகை என்று எழுதியிருக்கும், ஆள் வழுக்கிக் கீழே வந்து நெஞ்சு தட்டையாக, கழுத்து மட்டும் மடிந்து கிடப்பார். பாகையை நெஞ்சில் பாருங்கள். முள்ளந்தண்டு முறிவு என்றால் முழுக் கட்டிலையும் தலைப்பக்கம் உயர்த்திச் சாய்க்கலாம். புரட்டுவதற்கும் தலையைத் தாழ்த்துவதற்கும் முன் முதலில் வாயை உறிஞ்ச வேண்டும்.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிதாகத் தெரிவது, ரியூப் எத்தனை நாள் இருக்கிறது என்பது. காலையில் மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்து, றாஸ் அளவு (மயக்க நிலையின் அளவுகோல்) -2க்கும் +1க்கும் இடையில் வந்ததும் தானாக மூச்சுவிடும் சோதனை: பிரஷர் சப்போர்ட் (உள்மூச்சுக்கு மெசின் தரும் உதவி அழுத்தம்) 5 முதல் 8, பீப் 5, அரை மணித்தியாலம். மூச்சு வீதம் 35 தாண்டினால், செறிவு 90க்குக் கீழ் போனால் நிறுத்தி மறுநாள் பார்க்கலாம். ஒட்சிசன் 60 வீதத்துக்கும் பீப் 10க்கும் மேல் போகாதவர்களைக் கட்டில் விளிம்பில் இருத்தலாம், ரியூப் அதற்குத் தடையல்ல. பூச்சிமருந்து நோயாளிக்கு மட்டும் ஒரு படி கூட: தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். 24 முதல் 96 மணித்தியாலத்தில் கழுத்துத் தசை தளரும் இடைநிலைக் கட்டம் வரும். சோதனையில் தேறினாலும் கழுத்துத் தூக்க முடியாதவருக்கு ரியூபை எடுத்தால் மறுபடி போட வேண்டி வரும், மறுபடி போடுவதே நியூமோனியாவுக்கு ஒரு வாசல்.

மருதானை மிஸ்:

எல்லோருக்கும் நன்றி. நோயாளிக்கு ஒரு தாள் தயாரிக்கிறேன்: தேதி, வென்டிலேற்றர் நாள், குறைந்த பீப், குறைந்த ஒட்சிசன், உயர்ந்த மற்றும் தாழ்ந்த வெப்பம், வெள்ளணு, புதிய அன்ரிபயோட்டிக், சளி அனுப்பிய தேதி, ரியூப் ஆழம், கஃப். டொக்டர் வி.ஏ.பி. என்று நினைத்தாரா என்பதற்குத் தனியாக ஒரு நிரல். ஒரு சந்தேகம் மிச்சம்: ட்ரக்கியோஸ்டமி (கழுத்தில் துளையிட்டு வைக்கும் மூச்சு ரியூப்) போட்டு இரவில் மட்டும் வென்டிலேற்றரில் இருப்பவரை எப்படி எண்ணுவது?

தெஹிவளை தொற்றுக் கட்டுப்பாடு:

அந்தத் தனி நிரல் கட்டாயம் இருக்கட்டும். பீப் ஏற்றாமலே கடந்துபோகும் நியூமோனியாவை வி.ஏ.ஈ. முறை தவறவிடும், அதை அந்த நிரல்தான் காட்டும். இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டிவிடாதேயுங்கோ.

இரவு மட்டும் என்றாலும் அந்த நாளில் ஒரு பகுதி வென்டிலேற்றரில் இருந்தால் அவருக்கு அது வென்டிலேற்றர் நாள்தான், நாள் எண்ணிக்கை தொடரும். ஒரு முழு நாட்காட்டி நாள், நள்ளிரவிலிருந்து நள்ளிரவுவரை, வென்டிலேற்றர் இல்லாமல் இருந்து பிறகு மீண்டும் போட்டால் 1ஆம் நாளிலிருந்து புதிதாகத் தொடங்குங்கோ. பொதுக் கூட்டுத்தொகை எடுக்கும் நேரத்தைக் காலை 6 மணிக்கு வைத்தால் இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் அதில் விழுவார்கள், காலை 10 மணிக்கு வைத்தால் தவறிப்போவார்கள். 6 மணியே வையுங்கோ.

வெள்ளவத்தை நுண்ணுயிரியல்:

தாளில் "சளி அனுப்பிய தேதி" பக்கத்தில் நேரத்தையும், அன்ரிபயோட்டிக் முதல் டோஸ் நேரத்தையும் சேருங்கள் மிஸ். எது முன், எது பின் என்று தெரியாவிட்டால் வளராத கல்ச்சரை எப்படி வாசிப்பது என்று எங்களுக்கும் சொல்ல முடியாது.